சாதனக் கோப்பு இருக்கிறதா: ஸ்கிரிப்ட் எதைச் சோதிக்க வேண்டும்?

இரவு 2 மணிக்கு, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் கிரான், ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட்டை ஓட்டுகிறது. வெளி ஹார்ட் டிஸ்க்கை யாரோ கழற்றி வைத்துவிட்டார்கள். ஸ்கிரிப்ட்டின் முதல் வரி, டிஸ்க்கின் சாதனக் கோப்பு இருக்கிறதா என்று பார்க்கிறது. இருக்கிறது என்று பதில் வருகிறது. நகலெடுப்பு தொடங்குகிறது. காலையில் பார்த்தால் சர்வரின் சொந்த டிஸ்க் நிரம்பி, டேட்டாபேஸ் நின்றுபோயிருக்கிறது. லினக்ஸ் சர்வர் பராமரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் புகார் இது. கழற்றி வைத்த டிஸ்க்கை 'இருக்கிறது' என்று கணினி எப்படிச் சொன்னது?

இப்படி நடக்கக் குறைந்தது இரண்டு வழிகள் உண்டு. இரண்டுமே ஒரே ஒரு வரிச் சோதனைக்குள் ஒளிந்திருப்பவை. அவற்றைப் புரிந்துகொள்ள, சாதனக் கோப்பு என்பது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கட்டளைகளையும் பாதைகளையும் இங்கே உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். வேறுவிதமாகச் சொல்லாத இடமெல்லாம் சிற்றெழுத்து.

## சாதனக் கோப்புக்குள் என்ன இருக்கிறது

வன்பொருளையும் கோப்பு போலவே திறந்து, படித்து, எழுதி, மூடலாம் என்பது யூனிக்ஸின் பழைய ஏற்பாடு. 1971 நவம்பரில் பெல் லேப்ஸில் வந்த முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே இதற்கென்று 'சிறப்புக் கோப்புகள்' என ஒரு தனிப் பிரிவு உண்டு. லினக்ஸும் அதையே பின்பற்றுகிறது. ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், சீரியல் போர்ட், வெப்கேம் என ஒவ்வொன்றுக்கும் /டெவ் அடைவுக்குள் ஒரு பெயர் இருக்கும். நெட்வொர்க் கார்டு மட்டும் விதிவிலக்கு. அதற்கு /டெவ்வில் பெயரே கிடையாது. /சிஸ்/கிளாஸ்/நெட் அடைவில்தான் தேட வேண்டும்.

அந்தப் பெயருக்குப் பின்னால் சேமித்த தரவு எதுவும் இல்லை. மூன்று தகவல்கள்தான் இருக்கின்றன.

1. வகை. பிளாக் அல்லது கேரக்டர். எந்த இடத்திலிருந்தும் துண்டு துண்டாகப் படிக்க, எழுத முடிகிற டிஸ்க் போன்றவை பிளாக் வகை. சீரியல் போர்ட், டெர்மினல் போல பைட்டுகள் வரிசையாக வந்து போகிறவை கேரக்டர் வகை.
2. மேஜர் எண். கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள், எந்த டிரைவரிடம் போக வேண்டும் என்பதைக் காட்டுவது.
3. மைனர் எண். அந்த டிரைவரின் பொறுப்பில் இருப்பவற்றில் எது என்று காட்டுவது.

'எல்எஸ் -எல் /டெவ்/எஸ்டிபி' என்று கொடுத்துப் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். வரியின் முதல் எழுத்து பிளாக்கைக் குறிக்கும் 'பி'. சாதாரணக் கோப்பாக இருந்தால் அளவு வர வேண்டிய இடத்தில் '8, 16' என்று இரண்டு எண்கள் நிற்கும். 8 என்பது எஸ்சிஎஸ்ஐ டிஸ்க் டிரைவரின் மேஜர் எண். சாட்டா டிஸ்க்கும் பென் டிரைவும்கூட இதன் வழியாகத்தான் வருகின்றன. இந்த டிரைவர் ஒரு டிஸ்க்குக்கு 16 மைனர் எண்கள் ஒதுக்குகிறது. அதனால் எஸ்டிஏ 0, எஸ்டிபி 16, எஸ்டிபியின் முதல் பார்ட்டிஷன் 17. எல்லோரும் தினமும் பயன்படுத்தும் /டெவ்/நல், கேரக்டர் வகை, 1 மற்றும் 3.

எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனர் 'எம்கேநாட்' கட்டளையைக் கொண்டு எந்த எண்ணுக்கும் எந்தப் பெயரிலும் ஒரு சாதனக் கோப்பை உருவாக்க முடியும். அந்த எண்ணுக்குரிய வன்பொருள் இருக்கிறதா என்று அந்த நேரத்தில் யாரும் பார்ப்பதில்லை. கோப்பைத் திறக்கும்போதுதான் கெர்னல் டிரைவரைத் தேடும். பெயர் இருப்பது ஒன்று, பொருள் இருப்பது வேறொன்று.

## பெயரை வைப்பது யார்

பழைய லினக்ஸில் 'மேக்டெவ்' (முழுவதும் பெரிய எழுத்தில்) என்ற ஸ்கிரிப்ட், வரக்கூடிய சாதனங்களுக்கெல்லாம் முன்கூட்டியே நூற்றுக்கணக்கான பெயர்களை /டெவ்வில் கொட்டி வைக்கும். அந்தக் காலத்தில் பெயர் இருப்பதைச் சோதித்து எந்தப் பயனும் இல்லை, டிஸ்க் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெயர் இருக்கும். 2001இல் வெளியான 2.4 கெர்னலில் டெவ்எஃப்எஸ் என்ற முறை இதை மாற்றப் பார்த்தது. 2003இல் கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய யுடெவ் வந்தபின் அது ஓரங்கட்டப்பட்டது. கடைசியாக 2009 டிசம்பரில் 2.6.32 கெர்னலோடு டெவ்டிஎம்பிஎஃப்எஸ் வந்தது. இன்றைக்குப் பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் /டெவ் என்பது இதுதான்: நினைவகத்திலேயே வாழும் ஒரு சிறு கோப்பு முறைமை.

இன்றைய வேலைப் பங்கீடு இப்படி. சாதனத்தைக் கண்டதும் கெர்னல் தானே பெயரை வைக்கிறது. கழற்றியதும் தானே நீக்குகிறது. அதற்கு அடுத்தபடியாக யுடெவ் வந்து குழு அனுமதிகளைச் சரிசெய்கிறது, டிஸ்க்கின் அடையாளத்தைப் படித்து மாற்றுப் பெயர்களை இணைப்புகளாக வைக்கிறது. இரண்டுக்கும் நடுவே சின்ன இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் ஓடும் ஸ்கிரிப்ட்டுக்கு /டெவ்/எஸ்டிபி1 கண்ணில் படும், ஆனால் அதன் யுயுஐடி (கோப்பு முறைமையின் அடையாள எண்) இணைப்பு இருக்காது. சீரியல் போர்ட் என்றால் அனுமதி மறுப்பு வரும். ஒரு நொடி கழித்துக் கையால் ஓட்டினால் எல்லாம் சரியாக இருக்கும். 'எனக்கு ஓடுகிறது, தானாக ஓடும்போது மட்டும் தோற்கிறது' என்ற ரகப் புகார்கள் பல இங்கிருந்துதான் வருகின்றன.

வன்பொருளோ டிரைவரோ இல்லாமலே பெயர் இருப்பது இன்றும் முழுதாக ஒழியவில்லை. /டெவ்/ஃபியூஸ், /டெவ்/நெட்/டன் போன்றவை, அவற்றின் மாட்யூல் (தேவைப்படும்போது கெர்னலில் ஏறும் டிரைவர்) ஏற்றப்படாத நிலையிலும் இருக்கும். யாராவது திறந்தால் அப்போது மாட்யூல் ஏறும். எனவே 'டிரைவர் ஏறியிருக்கிறதா' என்று அறிய இந்தக் கோப்புகளைப் பார்ப்பது வீண்.

## டெஸ்ட் கட்டளையின் எந்தத் தேர்வு எதைக் கேட்கிறது

ஷெல்லில் சோதனை செய்வது 'டெஸ்ட்' என்ற கட்டளை. சதுர அடைப்புக்குறியும் அதே கட்டளைதான். அது ஒரு கட்டளையின் பெயர் என்பதால்தான் அடைப்புக்குறிக்கு அடுத்து இடைவெளி கட்டாயம். அதன் தேர்வுகளில் இங்கே தேவையானவை:

1. -ஈ: அந்தப் பெயரில் ஏதாவது இருக்கிறதா? சாதாரணக் கோப்பா, அடைவா, சாதனமா என்ற கவலை இதற்கு இல்லை.
2. -எஃப்: சாதாரணக் கோப்பா? சாதனக் கோப்புக்கு இதன் பதில் எப்போதும் 'இல்லை'. இணையத்திலிருந்து எடுத்த ஸ்கிரிப்ட்டில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். டிஸ்க் கண்ணெதிரே இருக்க, ஸ்கிரிப்ட் மட்டும் இல்லை என்று அடம்பிடிக்கும். பைத்தானின் 'இஸ்ஃபைல்' செயல்பாட்டுக்கும் இதே குணம்.
3. -பி: பிளாக் வகைச் சாதனக் கோப்பா?
4. -சி: கேரக்டர் வகைச் சாதனக் கோப்பா?
5. -ஆர், -டபிள்யூ: இந்த ஸ்கிரிப்ட்டை ஓட்டும் பயனருக்குப் படிக்க, எழுத அனுமதி உண்டா?
6. -எல், பெரிய எழுத்தில்: இது இணைப்பா? மற்ற தேர்வுகள் எல்லாம் இணைப்பைப் பின்தொடர்ந்து, அது சுட்டும் இடத்தைத்தான் பார்க்கும். இணைப்பு இருந்து, அது சுட்டும் கோப்பு இல்லாவிட்டால் -ஈ 'இல்லை' என்றே சொல்லும்.

டிஸ்க்குக்கு -பி, சீரியல் போர்ட்டுக்கு -சி என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். என்விஎம்இ டிஸ்க் இருக்கும் லேப்டாப்பில் மட்டும் ஒரு நுணுக்கம் உண்டு. /டெவ்/என்விஎம்இ0 என்பது கண்ட்ரோலர். அது கேரக்டர் வகை. டிஸ்க் என்பது /டெவ்/என்விஎம்இ0என்1. முன்னதை -பி கொண்டு சோதித்தால் 'இல்லை' என்ற பதில்தான் வரும், அது சரியும்கூட.

லினக்ஸைத் தாண்டி ஓடப்போகிற ஸ்கிரிப்ட் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஃப்ரீபிஎஸ்டி பிளாக் வகையையே கைவிட்டுவிட்டது. அங்கே டிஸ்க்குகளும் கேரக்டர் வகைதான்.

## கழற்றிய டிஸ்க் 'இருக்கிறது' என்று வந்தது எப்படி: முதல் வழி

முந்தைய நாள் யாரோ ஒரு ஐஎஸ்ஓ டிஸ்க் பிம்பத்தைப் பென் டிரைவில் எழுத 'டிடி' கட்டளையை ரூட்டாக ஓட்டியிருக்கிறார்கள். எழுத வேண்டிய இடம் /டெவ்/எஸ்டிபி. ஆனால் பென் டிரைவ் சரியாகச் செருகப்படவில்லை, அந்தப் பெயரில் எதுவும் இல்லை. டிடி என்ன செய்யும்? வெளியீட்டுக் கோப்பு இல்லாவிட்டால் உருவாக்கிக்கொள்வது அதன் இயல்பு. /டெவ் அடைவில் எழுத ரூட்டுக்கு அனுமதி உண்டு. ஆக, /டெவ்/எஸ்டிபி என்ற பெயரில் ஒரு சாதாரணக் கோப்பு பிறந்துவிடுகிறது. ஐஎஸ்ஓவின் பைட்டுகள் நினைவகத்துக்குள் போய் உட்காருகின்றன.

சில விநியோகங்களில் /டெவ்வின் அளவு வெறும் 4 எம்பி. அங்கே 'இடமில்லை' என்ற பிழையோடு டிடி சீக்கிரமே நின்றுவிடும். வேறு சிலவற்றில் அதற்கு நினைவகத்தின் பாதிவரை இடம் உண்டு. அங்கே பிழையே வராது. வேகமும் அசாத்தியமாக இருக்கும், பென் டிரைவுக்கு இத்தனை வேகமா என்று வியக்கும் அளவுக்கு. இரண்டிலும் அந்தக் கோப்பு, யாராவது நீக்கும்வரை அல்லது கணினியை ரீபூட் செய்யும்வரை அங்கேயே கிடக்கும். இதற்குள் உண்மையான டிஸ்க்கைச் செருகினால், கெர்னல் எஸ்டிபி என்ற பெயரைப் போட முயலும்போது அந்தப் பெயர் ஏற்கெனவே பிடிபட்டிருக்கும்.

இரவு 2 மணிக்கு ஓடிய ஸ்கிரிப்ட்டில் இருந்த சோதனை -ஈ. அந்தப் பெயரில் ஏதோ ஒன்று இருந்ததால் 'ஆம்' என்று வந்தது. -பி என்று இருந்திருந்தால் 'இல்லை' என்று வந்து அங்கேயே நின்றிருக்கும்.

இதைத் தடுக்க டிடி பக்கமும் ஒரு வழி இருக்கிறது. ஜிஎன்யு டிடியில் 'கான்வ்' என்ற தேர்வுக்கு 'நோக்ரியேட்' (ஆங்கிலத்தில் கடைசி 'ஈ' எழுத்து இல்லாமல்) என்று மதிப்புக் கொடுத்தால், கோப்பு இல்லாதபோது அது புதிதாக உருவாக்காது. பிழை சொல்லி நிற்கும். சாதனக் கோப்பில் எழுதும் எந்த டிடி வரியிலும் இது இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதைச் சேர்ப்பதால் இழப்பு எதுவும் இல்லை.

/டெவ்/நல்லுக்கும் இதே விபத்து நேர்வதுண்டு. ரூட்டாக ஓடும் ஏதோ ஒரு நிரல் /டெவ்/நல்லை நீக்கிவிடும், அல்லது வேறொரு கோப்பை அதன் மேல் நகர்த்திவிடும். அடுத்ததாக ரூட்டாக ஓடும் ஏதாவது ஒன்று வெளியீட்டை அங்கே திருப்பும்போது, அந்தப் பெயரில் ஒரு சாதாரணக் கோப்பு உருவாகி வளரத் தொடங்கும். அதன்பின் சாதாரணப் பயனர்களின் நிரல்கள் எல்லாம் 'அனுமதி இல்லை' என்று புலம்பும். '-சி /டெவ்/நல்' என்ற ஒரு சோதனை இதை உடனே காட்டிக்கொடுத்துவிடும். சரிசெய்ய, போலிக் கோப்பை நீக்கிவிட்டு, எம்கேநாட் கட்டளைக்கு அனுமதி 666, வகை சி, எண்கள் 1, 3 என்று கொடுத்தால் போதும்.

## இரண்டாவது வழி: மேற்கோள் குறி இல்லாத மாறி

இது இன்னும் ஆபத்தானது. ஏனென்றால் -பி என்று சரியாக எழுதியிருந்தாலும் இது ஏமாற்றும்.

ஸ்கிரிப்ட்டில் இந்த வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

இஃப் [ -பி $டிஸ்க் ]; தென்

டிஸ்க் என்ற மாறிக்கு மதிப்பு ஒரு கான்ஃபிக் கோப்பிலிருந்து வருகிறது. அந்தக் கோப்பில் யாரோ வரியை அழித்துவிட்டார்கள், மாறி காலி. ஷெல் மாறியை விரிக்கும்போது அங்கே ஒன்றுமே மிஞ்சாது. டெஸ்ட் கட்டளைக்குப் போய்ச் சேர்வது '-பி' என்ற ஒற்றைச் சொல் மட்டும். யூனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரத்தின் விதிப்படி, டெஸ்ட்டுக்கு ஒரே ஒரு சொல் வந்தால் அதைத் தேர்வாகக் கொள்ளக் கூடாது. அது காலியான சொல்லா என்று மட்டும் பார்க்க வேண்டும். '-பி' என்பது காலியில்லை. ஆகவே பதில் 'ஆம்'.

டிஸ்க்கின் பெயரே தெரியாத ஸ்கிரிப்ட், டிஸ்க் இருக்கிறது என்று நம்பி மேலே போகும். இதற்கு மருந்து இரட்டை மேற்கோள் குறி:

இஃப் [ -பி "$டிஸ்க்" ]; தென்

இப்போது மாறி காலியாக இருந்தாலும் ஒரு காலிச் சொல் டெஸ்ட்டுக்குப் போய்ச் சேரும்; '-பி' தன் வேலையைச் செய்து 'இல்லை' என்று சொல்லும். பேஷில் இரட்டைச் சதுர அடைப்புக்குறி பயன்படுத்தினாலும் இந்தச் சிக்கல் வராது. ஆனால் டேஷ் போன்ற எளிய ஷெல்களில் அது கிடையாது. டெபியனிலும் உபுண்டுவிலும் /பின்/எஸ்எச் என்பது டேஷ்தான். 'செட் -யு' என்று தொடக்கத்தில் போடுவதும் நல்லதே. ஆனால் அது அறிவிக்கப்படாத மாறியை மட்டும் பிடிக்கும், அறிவித்துவிட்டுக் காலியாக விட்டதை விட்டுவிடும்.

நட்சத்திரக் குறியிலும் இதே குடும்பத்துச் சிக்கல் இருக்கிறது. யுஎஸ்பி சீரியல் போர்ட் ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று அறிய, பெயரின் முடிவில் நட்சத்திரம் போட்டு -ஈ கொண்டு சோதிப்பார்கள். ஒரு போர்ட் இருந்தால் சரியாக ஓடும். இரண்டு இருந்தால் டெஸ்ட்டுக்கு இரண்டு பெயர்கள் போய், அது குழம்பிப் பிழை காட்டும்; இஃப் அதை 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளும். அதாவது ஒன்று செருகியிருந்தால் இருக்கிறது, இரண்டு செருகியிருந்தால் இல்லை! இந்த இடத்தில் ஃபார் சுற்றில் ஒவ்வொரு பெயராக எடுத்துச் சோதிப்பதுதான் முறை.

## பெயர் இருக்கிறது, ஆனால் அதே டிஸ்க்தானா

எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் கண்டுபிடிக்கப்பட்ட வரிசையில் வருபவை. இன்றைக்கு எஸ்டிபி ஆக இருக்கும் டிஸ்க் அடுத்த பூட்டில் எஸ்டிசி ஆகலாம். மவுண்ட் செய்த நிலையில், அதாவது ஒரு அடைவோடு இணைத்துப் பயன்படுத்தும்போது, டிஸ்க்கைப் பிடுங்கி மறுபடி செருகினால், பழைய பெயரைப் பழைய மவுண்ட் இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதால் பெரும்பாலும் புதிய எழுத்து கிடைக்கும். ஆக '-பி /டெவ்/எஸ்டிபி1' என்ற சோதனை, ஏதோ ஒரு டிஸ்க் இருக்கிறது என்பதை மட்டும்தான் உறுதிசெய்கிறது. பேக்கப் எடுப்பதற்கு இது போதாது. ஃபார்மட் செய்யப்போகும் ஸ்கிரிப்ட்டுக்கு இது பேராபத்து.

யுடெவ் வைக்கும் இணைப்புகள் இதற்காகத்தான். /டெவ்/டிஸ்க் அடைவுக்குள் பை-யுயுஐடி, பை-லேபல், பை-ஐடி, பை-பாத் என்று துணை அடைவுகள் இருக்கும். டெஸ்ட் இணைப்பைப் பின்தொடரும் என்பதால் இவற்றையும் -பி கொண்டு நேரடியாகச் சோதிக்கலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? யுயுஐடி என்பது கோப்பு முறைமையின் அடையாளம். ஃபார்மட் செய்தால் மாறிவிடும். டிஸ்க்கை அப்படியே டிடி கொண்டு நகலெடுத்தால் இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே யுயுஐடி இருக்கும், இணைப்போ இரண்டில் ஒன்றைத்தான் சுட்டும். பை-ஐடி என்பது தயாரிப்பு மாடலும் சீரியல் எண்ணும் சேர்ந்தது. குறிப்பிட்ட அந்த டிஸ்க்கையே காட்டும். அழிக்கிற வேலைக்கு பை-ஐடி, மவுண்ட் செய்து பயன்படுத்துகிற வேலைக்கு பை-யுயுஐடி என்று பிரித்துக்கொள்வது நல்லது. சீரியல் போர்ட்டுகளுக்கும் /டெவ்/சீரியல்/பை-ஐடி என்ற அடைவு உண்டு. ஒரே கணினியில் இரண்டு ஆர்டுயினோ போர்டுகள் செருகியிருப்பவர்களுக்கு அது மிகவும் கைகொடுக்கும்.

மேஜர், மைனர் எண்களை வைத்து ஒப்பிட நினைப்பவர்கள் 'ஸ்டாட்' கட்டளையின் வெளியீட்டைக் கவனிக்க வேண்டும். சதவீதக் குறியோடு சிறிய 'டி' ('டெஸ்ட்' என்பதன் முதல் எழுத்து) மேஜர் எண்ணையும், பெரிய 'டி' மைனர் எண்ணையும் தரும், ஆனால் பதினாறடிமான எண்ணாக. எஸ்டிபிக்கு 8, 10 என்று வரும். அந்த 10தான் நம் 16.

## இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை

பெயர், வகை, அடையாளம் மூன்றும் சரி. அப்படியும் சாதனம் வேலை செய்யாமல் போகலாம். அப்போது வரும் பிழைச் செய்தி ஒவ்வொன்றுக்கும் தனி அர்த்தம் உண்டு. ஸ்கிரிப்ட் அதைக் காட்டாமல் /டெவ்/நல்லுக்குத் திருப்பிவிடுவதுதான் பெரிய தவறு.

- 'மீடியம் இல்லை': கார்டு ரீடர் இருக்கிறது, அதற்குள் கார்டு இல்லை. சாதனக் கோப்பு ரீடருக்கு உரியது என்பதால் -பி 'ஆம்' என்றே சொல்லும். /சிஸ்/கிளாஸ்/பிளாக் அடைவுக்குள் அந்தச் சாதனத்தின் பெயரில் உள்ள 'சைஸ்' கோப்பைப் படித்தால் 0 என்று இருக்கும்.
- 'அப்படியொரு சாதனமோ முகவரியோ இல்லை': பெயரும் எண்களும் இருக்கின்றன, பின்னால் டிரைவரோ வன்பொருளோ இல்லை.
- 'அனுமதி மறுப்பு': டெபியன், உபுண்டுவில் சீரியல் போர்ட் 'டயல்அவுட்' குழுவுக்கு உரியது, ஆர்ச்சில் 'யுயுசிபி'. பயனரை அந்தக் குழுவில் சேர்த்து, லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும்.
- 'சாதனம் வேலையில் இருக்கிறது': வேறொரு நிரல் பிடித்துவைத்திருக்கிறது.

பழைய வகை சீரியல் போர்ட்டுகள் தனி ரகம். மதர்போர்டில் போர்ட்டே இல்லாவிட்டாலும் பல பெயர்கள் /டெவ்வில் இருக்கும். '-சி' ஆம் என்று சொல்லும். 'எஸ்டிடிஒய்' கட்டளையால் அதன் அமைப்பைக் கேட்டால்தான் உள்ளீட்டுப் பிழை வந்து உண்மை வெளிப்படும்.

அப்படியானால் எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடலாமே என்று தோன்றும். அதற்கும் விலை உண்டு. ஆர்டுயினோ யூனோவின் சீரியல் போர்ட்டைத் திறந்தால் போர்டு ரீசெட் ஆகும். டேப் டிரைவின் எஸ்டி0 கோப்பைத் திறந்து மூடினால் டேப் தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். சுற்றாமல் இருக்க என்எஸ்டி0 என்ற வேறு பெயர் இருக்கிறது. சில சீரியல் இணைப்புகளில், மறுமுனையிலிருந்து சமிக்ஞை வரும்வரை திறக்கும் செயலே முடியாமல் தொங்கும். அதனால் திறந்து பார்ப்பதை 'டைம்அவுட்' கட்டளைக்குள் வைப்பது பாதுகாப்பு.

## செருகியதும் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட்

டிஸ்க் வரும்வரை காத்திருக்க வேண்டிய சூழலில், முடிவில்லாத வைல் சுற்று எழுதுவதுதான் வழக்கமான பிழை. டிஸ்க் வரவே இல்லை என்றால் ஸ்கிரிப்ட் காலம் முழுக்கச் சுற்றும். மறுநாள் கிரான் இன்னொன்றைத் தொடங்கும். ஒரு மாதத்தில் முப்பது ஸ்கிரிப்ட்டுகள் வரிசையில் நிற்கும். அதிகபட்சக் காத்திருப்பு நேரம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

'யுடெவ்அட்ம் செட்டில்' என்பது, வரிசையில் ஏற்கெனவே வந்து சேர்ந்த நிகழ்வுகளை யுடெவ் முடிக்கும்வரை காத்திருக்கும். கெர்னல் இன்னும் கண்டுபிடிக்காத டிஸ்க்கைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. எனவே மெதுவாகச் சுழலத் தொடங்கும் வெளி டிஸ்க்குக்கு அது போதாது. கணினியின் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின், 2022இல் வந்த 251ஆம் பதிப்பில் 'யுடெவ்அட்ம் வெயிட்' என்ற கட்டளை சேர்ந்தது. பாதையையும் டைம்அவுட்டையும் கொடுத்தால், அந்தச் சாதனம் தோன்றி யுடெவ் தன் வேலையை முடிக்கும்வரை காத்திருக்கும். முன்பு சொன்ன அந்தச் சிறு இடைவெளிச் சிக்கலை இது தீர்த்துவிடுகிறது.

யுடெவ் விதியில் 'ரன்' என்று பெரிய எழுத்தில் போட்டு ஸ்கிரிப்ட்டை நேரடியாக ஓட்டுவது பலரும் முதலில் செய்வது. நீண்ட நேரம் ஓடும் எதையும் யுடெவ் கொன்றுவிடும். அங்கிருந்து மவுண்ட் செய்தால், சிஸ்டம்டி உள்ள கணினிகளில் அது மற்ற நிரல்களுக்குத் தெரியாமலும் போகும். விதியிலிருந்து ஒரு சிஸ்டம்டி சர்வீஸைத் தூண்டிவிட்டு, வேலையை அந்தச் சர்வீஸ் செய்வதுதான் ஒழுங்கு. பூட்டின்போது மவுண்ட் ஆக வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் வெளி டிஸ்க்கைச் சேர்ப்பவர்கள் 'நோஃபெயில்' போடாவிட்டால், டிஸ்க் இல்லாத நாளில் கணினி வழக்கமாக 90 நொடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும்.

சாதனக் கோப்பு வந்த வேகத்தில் மறைவதும் உண்டு. உபுண்டு 22.04இல், சிஎச்340 சிப் கொண்ட மலிவு விலை போர்டுகளைச் செருகினால் சீரியல் போர்ட் தோன்றி உடனே மறைந்துவிடும். பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவிகளைக் கையாளும் 'பிஆர்எல்டிடிஒய்', அதே அடையாள எண்ணைக் கண்டு அதைத் தன் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொண்டதுதான் காரணம். கெர்னல் பதிவை 'டிமெசேஜ்' கட்டளையில் பார்த்தால் இணைந்ததும் பிரிந்ததும் அடுத்தடுத்த வரிகளில் தெரியும்.

இதிலிருந்து வரும் விளைவு முக்கியமானது. சோதித்த நொடிக்கும் பயன்படுத்தும் நொடிக்கும் நடுவில் எதுவும் மாறலாம். முன்சோதனை எத்தனை கவனமாக இருந்தாலும், அடுத்து வரும் மவுண்ட், டிடி, நகலெடுப்பு ஆகியவற்றின் வெளியேறு குறியீட்டை (வெற்றி என்றால் 0) பார்க்காமல் விடக் கூடாது.

## பேக்கப் ஸ்கிரிப்ட்டுக்கு ஏற்ற வரிசை

தொடக்கத்தில் சொன்ன சர்வருக்கு எழுத வேண்டிய ஸ்கிரிப்ட், இந்த வரிசையில் போனால் சரியாக இருக்கும்.

1. டிஸ்க் மாறி காலியாக இல்லை என்று உறுதி செய். காலி என்றால் அங்கேயே நில்.
2. யுடெவ்அட்ம் வெயிட் மூலம் பை-யுயுஐடி பாதைக்குக் காத்திரு, 30 நொடி போன்ற எல்லையோடு.
3. அதே பாதையை மேற்கோள் குறிக்குள் வைத்து -பி கொண்டு சோதி.
4. மவுண்ட் செய். குறியீடு 0 இல்லை என்றால் நில்.
5. 'மவுண்ட்பாயிண்ட் -க்யூ' கொண்டு அந்த அடைவு உண்மையிலேயே மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்.
6. 'ஃபைண்ட்மவுண்ட்' தரும் மூலச் சாதனமும், யுயுஐடி இணைப்பு இப்போது சுட்டும் சாதனமும் ஒன்றுதானா என்று ஒப்பிடு.
7. அதன் பிறகே நகலெடு.

ஐந்தாவது படிதான் சர்வரின் சொந்த டிஸ்க் நிரம்பாமல் காப்பது. மவுண்ட் ஆகாத அடைவு வெறும் அடைவு. அதில் எழுதுவதெல்லாம் மூல டிஸ்க்கில்தான் விழும். ஆறாவது படி எதற்கு என்றால், டிஸ்க்கை வேலைக்கு நடுவே பிடுங்கி மறுபடி செருகியிருந்தால் பழைய மவுண்ட் பெயரளவில் அப்படியே இருக்கும். மவுண்ட்பாயிண்ட் 'ஆம்' என்று சொல்லும், எழுதப் போனால் பிழை வரும். ஃபைண்ட்மவுண்ட் எஸ்டிபி1 என்றும், இணைப்பு எஸ்டிசி1 என்றும் காட்டினால் நடந்தது இதுதான். பழைய மவுண்ட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு தோல்விக்கும் தனித்தனி வெளியேறு எண் கொடுத்து, காரணத்தைப் பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டால், காலையில் வருபவர் எந்தப் படியில் நின்றது என்று உடனே கண்டுகொள்ளலாம். 'பேக்கப் தோல்வி' என்ற ஒற்றைச் செய்தியை வைத்துக்கொண்டு தேடுவதற்கும் இதற்கும் மணிக்கணக்கில் வித்தியாசம் இருக்கிறது.

## கண்டெய்னருக்குள் ஓடினால்

நிரலைத் தனித்த சூழலில் ஓட்டும் டாக்கர் கண்டெய்னருக்குள் இருக்கும் /டெவ் தனி. நல், ஜீரோ, ரேண்டம், டிடிஒய் போன்ற சில பெயர்களைத் தவிர அங்கே எதுவும் இருக்காது. கணினியில் செருகிய டிஸ்க், கண்டெய்னருக்குள் ஓடும் ஸ்கிரிப்ட்டின் கண்ணில் படாது. கண்டெய்னரைத் தொடங்கும்போது 'டிவைஸ்' தேர்வின் மூலம் குறிப்பிட்டுக் கொடுக்க வேண்டும். கொடுத்தாலும், அந்த நேரத்தில் இருந்த நிலைதான் உள்ளே போகும். பிறகு கழற்றிச் செருகினால் உள்ளே பழைய பெயரும் பழைய எண்களும் அப்படியே நிற்கும்.

எம்கேநாட் கொண்டு உள்ளேயே பெயரை உருவாக்கிக்கொள்ளலாமா? கோப்பு உருவாகும், -பி கூட 'ஆம்' என்று சொல்லும். ஆனால் எந்தச் சாதனங்களைத் திறக்கலாம் என்ற பட்டியலைக் கெர்னலின் சிகுரூப் என்ற கட்டுப்பாட்டு அமைப்பு வைத்திருக்கிறது. அதில் இல்லாத எண்ணைத் திறக்கப் போனால், ரூட்டாக இருந்தாலும் 'செயலுக்கு அனுமதி இல்லை' என்று வரும். எனவே டிஸ்க் இருக்கிறதா என்ற சோதனையை வெளியே, ஹோஸ்ட்டில் ஓடும் சர்வீஸில் வைத்துவிட்டு, மவுண்ட் ஆன அடைவை மட்டும் கண்டெய்னருக்குள் கொடுப்பது எளிது. அப்போது உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட் /டெவ்வைத் தொட வேண்டிய அவசியமே வராது.